வழுக்காத அடுப்படி

“ஏனம்மணி, நாய் நடக்கறதுக்குன்னு அடுப்படியவே பேத்துப் போடறீங்களாக்கும்?” என்று, அடுப்படித் தரை டைல்ஸை மாற்றப் போகிறோம் என்றதும் எங்கள் பெரிய மாமா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. ஆமாம் என்றால் அவர் சிரித்திருப்பார். இல்லை என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே, தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல்களை ஒட்டி இருக்கிறது. வீட்டில் இரண்டு நாய்கள். ஜூலி வெளிர் மஞ்சள் நிற லாப்ரடார்; வயதாகிவிட்டது, பின்னங்கால்களில் பழைய பலம் இல்லை. கருப்பன் தோட்டத்திலிருந்து தானாகவே வந்து சேர்ந்த நாட்டு நாய். அவனுக்கு வயலும் வீடும் ஒன்றுதான். வீடு கட்டும்போது ஊரில் எல்லோரும் போட்டதைப் போலவே நாங்களும் ஹாலிலிருந்து அடுப்படி வரை ஒரே ஓட்டமாக, இரண்டுக்கு இரண்டு அடியில் தந்த நிறத்து வெட்ரிஃபைடு டைல்ஸைப் பதித்தோம். குனிந்தால் முகம் தெரியும். வந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்; அது உண்மையும்கூட.

நாய் அடுப்படிக்குள் வரலாமா என்பதே இங்கே பல வீடுகளில் இன்னும் முடியாத வழக்கு. எங்கள் அத்தையும் முதலில் நிலைப்படியைத் தாண்ட விடவில்லை. இப்போது ஜூலிக்குத் தயிர்ச்சோறு பிசைந்து அடுப்படி மூலையில் வைப்பவர் அவரேதான். அந்த மாற்றம் எப்படி வந்தது என்பது தனிக்கதை; சித்திரை வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. நாய்க்கு உடம்பெங்கும் வியர்த்துக் குளிர்கிற வசதி கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும், குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்தும்தான் அது தன் சூட்டை இறக்கிக்கொள்கிறது. மின்விசிறிக் காற்றைவிட அடுப்படித் தரையே அதற்கு மேல். காலையில் சமையல் முடிந்து தரையைத் துடைத்துக் காய்ந்த பிறகு, மாலை வரையில் இரண்டும் அங்கேதான் கிடக்கும்.

சிக்கல் படுப்பதில் இல்லை, எழுவதில் இருந்தது. ஜூலி முன்னங்கால்களை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிப் போகும். மீண்டும் உட்கார்ந்து, சுவரோரமாக நகர்ந்து, சுவரில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு எழும். ஈரத் துணி போட்டுத் துடைத்த உடனே என்றால் நிலைப்படியிலேயே நின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் உள்ளே வராது. பவானி ஜமக்காளம் ஒன்றை நிலைப்படியிலிருந்து கிண்ணம் வரை விரித்துப் பார்த்தோம். தடித்த நூலால் ஆனதுதான், ஆனாலும் அந்தத் தரையில் ஜமக்காளமே வழுக்கிக்கொண்டு போயிற்று. அடியில் ரப்பர் வலை வைத்தால் அங்கே ஈரம் தங்கி நாற்றம் பிடித்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த எங்கள் ஊர் மருத்துவர், இடுப்பு மூட்டுத் தேய்மானம் லாப்ரடாருக்குப் பெரும்பாலும் மரபுவழி வரும் கோளாறு என்றும், வழுக்கும் தரை அதை உண்டாக்குவதைவிட நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாக்கும் என்றும் சொன்னார். நகத்தை வெட்டச் சொன்னார். விரல் இடுக்கில் வளர்ந்து பாதத்தை மூடும் மயிரைக் கத்தரிக்கச் சொன்னார். இரண்டையும் செய்தோம், ஓரளவு பயன் இருந்தது. தரை மட்டும் அப்படியே இருந்தது.

பளபளப்பு என்ற சாட்சி

நாயின் கால் மண்ணுக்கானது. ஓடும்போதும் திரும்பும்போதும் நகம் மண்ணில் இறங்கிப் பிடிக்கும். பூனையைப் போல நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள நாய்க்கு முடியாது. வெட்ரிஃபைடு டைல்ஸில் எந்த நாயின் நகமும் இறங்காது, கீறல்கூட விழாது. வழுக்குகிறது என்று தெரிந்தவுடன் நாய் பயத்தில் விரல்களை விரித்து நகத்தை இன்னும் நீட்டி ஊன்றுகிறது. அப்போது பிடிமானம் தர வேண்டிய பாதத்தின் சதை தரையிலிருந்து சற்றே எழும்பிவிடுகிறது. பிடிக்க நினைத்தே பிடியை இழக்கிறது. வயலில் திரியும் கருப்பனுக்கு நகம் தானே தேய்ந்துவிடும். வீட்டோடு இருக்கும் ஜூலிக்கு அது வளர்ந்துகொண்டே போகும்.

காய்ந்திருக்கும்போது பளபளப்பான டைல்ஸ் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டால்தான் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் நின்றுவிடுகிறது. வழவழப்பான பரப்பில் அந்தத் தண்ணீர் ஒதுங்குவதற்குப் பள்ளமோ சொரசொரப்போ இல்லை. அடுப்படியிலோ வெறும் தண்ணீர் மட்டும் சிந்துவதில்லை. தாளிக்கும்போது கடலை எண்ணெய் தெறிக்கிறது, கிரைண்டர் கழுவும்போது மாவுத் தண்ணீர் வழிகிறது, சலிக்கும்போது மாவு பறக்கிறது. வீட்டிலேயே அதிகம் வழுக்கக்கூடிய அறைக்கு வீட்டிலேயே அதிகம் வழுக்கக்கூடிய டைல்ஸைத் தேடிப் போட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெரு முழுக்க அப்படித்தான்.

ஏன் என்று யோசித்தால், பளபளப்பைச் சுத்தத்தின் சாட்சியாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்றே தோன்றுகிறது. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் அடுப்படி சாணி வழித்த மண்தரை. அங்கே சுத்தம் என்றால் புதிதாக வழித்த ஈரமும் விரல் தடமும். ஆசாரம் என்கிற முன்கூடத்தில் பட்டியக்கல் பாவியிருந்தார்கள். அது ஒருநாளும் மின்னியதில்லை, அழுக்காக இருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. பின்னால் சிவப்பு சிமெண்ட் தரை வந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க மெருகேறும் என்பதே அதன் பெருமை. பிறகு மொசைக், அதன்பின் வெட்ரிஃபைடு என்று ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் கொஞ்சம் மினுமினுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது. துடைத்து முடித்ததும் விளக்கொளி தரையில் தெரிந்தால் வேலை முடிந்தது என்று மனம் ஒப்புக்கொள்கிறது. அந்த நிறைவை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் அதற்குப் பழகியவள்தான். ஆனால் எண்ணெய்ப் படலமும் மின்னும், தரைத் துடைக்கும் திரவம் சரியாக அலசப்படாமல் காய்ந்தாலும் மின்னும். மின்னுவதாலேயே ஒன்றைச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

டைல்ஸ் கடையும் இந்தப் பழக்கத்துக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ஈரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் தரை டைல்ஸைச் சுவரில் நிறுத்தி வைத்து, மேலே விளக்கைப் போட்டிருக்கிறார்கள். நடப்பதற்கு வாங்கும் பொருளைக் கண்ணால் பார்க்கிறோம், கையால் தடவுகிறோம். கால் படுவதே இல்லை. தண்ணீர் படுவது அதைவிட அரிது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது, விற்பனைக்கு நின்ற பையன் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

செருப்புக் காலுக்கு ஓர் எண், வெறுங்காலுக்கு ஓர் எழுத்து

வழுக்காத டைல்ஸ் என்று கேட்டால் கடைக்காரர்கள் சொல்வது “ஆர் 9 இருக்குங்க, ஆர் 10 இருக்குங்க” என்பதைத்தான். ஒன்பது என்றதும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போலக் காதில் விழுகிறது. அப்படியில்லை. இது ஜெர்மனியின் டின் 51130 என்ற தர அளவையிலிருந்து வந்தது. டைல்ஸ் பதித்த சாய்வு மேடையில் மோட்டார் எண்ணெயைத் தடவி, குறிப்பிட்ட வகைக் காலணி அணிந்த ஒருவரை அதன்மேல் நடக்கவிட்டு, மேடையைச் சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 6 முதல் 10 பாகைச் சாய்வுக்குள் வழுக்கினால் அது ஆர் 9. 10 முதல் 19 வரை தாங்கினால் ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. 35 வரை ஆர் 12. அதற்கும் மேல் தாங்குவது ஆர் 13. வரிசை தொடங்குவதே ஒன்பதில்தான். அதாவது ஆர் 9 என்பது வகுப்பிலேயே கடைசி இடம்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது காலணி. நம் அடுப்படியில் செருப்புப் போட்டுக்கொண்டு சமைப்பவர் எத்தனை பேர்? வெறுங்காலுக்கென்று தனியாக டின் 51097 என்று அறியப்படும் இன்னொரு சோதனை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், காலணிக்குப் பதில் வெறும் பாதம். அதன் முடிவு எண்ணாக வராது. ஏ, பி, சி என்று எழுத்தாக வரும். 12 பாகையிலிருந்து ஏ, 18 பாகையிலிருந்து பி, 24 பாகையிலிருந்து சி. நீச்சல்குளத்தில் உடை மாற்றும் அறைக்கு ஏ போதும். குளிக்கும் இடத்துக்கும் குளத்தைச் சுற்றிய நடைபாதைக்கும் பி வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி. காலணி இல்லாத, அடிக்கடி ஈரமாகும் நம் சமையலறையை எதனோடு ஒப்பிடுவது என்றால், பூட்ஸ் போட்டு நடக்கும் தொழிற்கூடத்தைவிட இந்தக் குளக்கரையைத்தான் நான் அருகில் வைப்பேன். நாய்க்கென்று தனிச் சோதனை எதையும் நான் காணவில்லை. அதுவும் வெறுங்காலில் நடப்பதுதானே என்று பி வகையைக் கேட்கத் தொடங்கினேன். பல கடைகளில் அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. ஒரு கடைக்காரர் மட்டும் பொறுமையாகத் தயாரிப்பாளரின் விவரத்தாளை எடுத்துத் தேடிக் காட்டினார்.

டைல்ஸ் தவிர மற்றவற்றையும் பார்க்காமல் இல்லை. அத்தைக்குச் சிவப்பு சிமெண்ட் தரைமேல் ஆசை இருந்தது. காய்ந்திருக்கும்போது காலுக்கு அதைப் போல இதமான தரை கிடையாது. ஆனால் மெருகேறிய சிவப்புத் தரையில் எண்ணெய்த் தண்ணீர் பட்டால் அதுவும் வழுக்கும், வெடிப்பு விடும், நன்றாகப் போடத் தெரிந்த கொத்தனாரும் கிடைப்பதில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் அழகு. சிமெண்டில் செய்தது என்பதால் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துவிடும், நாயின் சிறுநீரையும்தான். கடப்பாக் கல்லை மெருகிடாமல் இயல்பான முகத்தோடு பதித்தால் நல்ல பிடிமானம் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடமெல்லாம் வெளிறிப்போகும். நம் சமையலில் புளி சிந்தாத நாள் ஏது? கோட்டா கல்லுக்கும் அதே கதிதான். வினைல் விரிப்பைக் குளிர் நாடுகளில் நாய் வளர்ப்பவர்கள் விரும்பிப் போடுகிறார்கள். காலுக்கு மெத்தென்று இருக்கும், குளிரும் ஏறாது. கரூர்ப் பக்கம் நாற்பது பாகையைத் தாண்டும் கோடையில் நமக்கும் நாய்க்கும் வேண்டியதோ குளிர்ந்த தரை. சூடான வாணலி ஒருமுறை கை தவறினால் வினைலின் கதையும் முடிந்தது.

கிரானைட்டைத்தான் நான் நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். புளிக்கும் எலுமிச்சைக்கும் அஞ்சாத கல். மெருகிட்டால் கண்ணாடி, கொத்திவிட்டால் அம்மி; எல்லாம் மேற்பரப்பை என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் பேர்போன ஊத்துக்குளிக் கல்லும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மாவை அரைக்காது, கொத்து வைக்க வேண்டும் என்பதை அடுப்படியில் புழங்குகிற எவரும் அறிவார்கள். இப்போது லெதர் ஃபினிஷ் என்று மேடு பள்ளம் தெரியும்படி தேய்த்துக் கொடுக்கிறார்கள். பார்க்க மங்கலாக, கம்பீரமாக இருக்கும். அதுவும், மினுமினுப்பு இல்லாத மேட் ஃபினிஷ் டைல்ஸும்தான் கடைசியில் போட்டியில் நின்றன.

தாவாரத்தில் விரித்துப் பார்த்தது

விவரத்தாள் காட்டிய அந்தக் கடைக்காரரிடமே, மூலை உடைந்து ஒதுக்கிய துண்டுகள் இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். தந்தார். கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய லெதர் ஃபினிஷ் பட்டைகள் சும்மாவே கிடைத்தன. எங்கள் பழைய தரையில் மிச்சமான பளபள டைல்ஸ் மாடி அறையில் கிடந்தது. ஒவ்வொன்றிலும் நாய் நான்கு காலையும் வைத்து இரண்டு எட்டாவது நடக்கும் அளவுக்கு இடம் வேண்டும். ஒற்றைத் துண்டில் ஒன்றும் தெரியாது. தாவாரத்தில் மணலைப் பரப்பி, ஆடாதபடி பதித்து, வரிசையாக ஒரு நடைபாதை போட்டோம். முதலில் பழைய பளபளப்பு, அடுத்து லெதர் கிரானைட், பிறகு ஓரடிக்கு ஓரடி மேட் டைல்ஸ், கடைசியாக ரஸ்டிக் என்று கடைக்காரர் சொன்ன, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும் ஆர் 11 வகை. எல்லாவற்றிலும் தண்ணீர் தெளித்து, மறுமுனையில் சோற்றுக் கிண்ணத்தை வைத்தோம். அடுத்த சுற்றில் கடலை எண்ணெயைத் தடவி, சமையல் முடிந்து அவசரமாகத் துடைப்பதைப் போல ஒரு துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டோம்.

கருப்பனால் ஒரு பயனும் இல்லை. வாசலிலிருந்து ஒரே தாவலில் கிண்ணத்துக்குப் போய்விட்டான். ஜூலிதான் நடந்தாள். எங்கே வழுக்கப் போகிறாள் என்று அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கும் பெரிதாக வழுக்கவில்லை. அவள் அவ்வளவு மெதுவாக நடந்தாள். சோதனை வீண் என்று நினைத்து அடுத்த சுற்றுக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனேன். உள்ளே இருந்தபோதுதான் கேட்டது. தக், தக், தக் என்று நகம் கல்லில் விழும் சத்தம், பிறகு சத்தம் குறைந்தது. வெளியே வந்து அவளை மறுபடி நடக்கவிட்டு, இந்த முறை கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு காதால் கேட்டேன். பளபளப்பில் ஒவ்வொரு எட்டுக்கும் நகம் அறைந்தது. லெதர் கிரானைட்டில் தண்ணீர் மட்டும் இருந்தபோது சத்தம் கம்மி. எண்ணெய் பட்டதும் மறுபடி தக் தக். மேட் டைல்ஸுக்கு வந்ததும், எண்ணெய் இருந்தாலும், நகச் சத்தம் அடங்கிப் பாதம் வைக்கும் மெத்தென்ற ஓசைதான் கேட்டது. ரஸ்டிக்கிலும் அப்படியே.

வழுக்கிவிழுவதை மட்டும் அளவாக வைத்திருந்தவளுக்கு அதுவே திருப்பமாக இருந்தது. விழாத நாய் வசதியாக நடக்கிறது என்று பொருளில்லை. எங்கள் அடுப்படியில் ஜூலி விழுந்தது அரிது. ஆனால் அங்கே அவள் வைத்த ஒவ்வொரு எட்டிலும் விரல்கள் விரைத்து, நகம் நீண்டு, இடுப்பும் தொடையும் இறுகித்தான் இருந்திருக்கின்றன. அந்தச் சத்தத்தை நான் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாய் வருகிறது என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தி இருப்பதாகத் தோன்றியதில்லை. லெதர் கிரானைட்டில் எண்ணெய் பட்டதும் ஏன் அப்படி ஆனது என்று கையால் தடவிப் பார்த்தபோது புரிந்தது: மேடு பள்ளம் இருக்கிறதே தவிர, மேட்டின் உச்சி ஒவ்வொன்றும் வழவழப்பாகவே தேய்ந்திருக்கிறது. கண்ணுக்குச் சொரசொரப்பு, காலுக்கு மெருகு. அந்தக் கிரானைட் பின்னர் மேடைக்கல்லாகப் போயிற்று. அங்கே அதற்கு ஈடில்லை.

அப்படியானால் அதிகம் பிடிக்கும் ரஸ்டிக்தானே சிறந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர் எங்கள் வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்கா. நாய் நடந்து முடித்த நடைபாதையைத் துடைத்தவர் அவர். மஞ்சள் கலந்த எண்ணெய் ஒரு சொட்டு விழுந்திருந்த இடத்தை ரஸ்டிக்கில் துடைக்கத் துடைக்க, துடைப்பானின் நூல்தான் பிய்ந்து ஒட்டிக்கொண்டதே தவிர மஞ்சள் போகவில்லை. “இதப் போட்டீங்கன்னா தரையத் தொடைக்க முடியாதுங்க்கா, தேச்சுக் கழுவோணும்” என்றார். மேட் டைல்ஸில் இரண்டு மூன்று முறை அழுத்தித் துடைத்ததும் போய்விட்டது. பளபளப்பில் ஒரே இழுப்பு. பெரிய மாமாவிடம் அன்று சொல்ல வராமல் போன பதில் இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். நாய்க்குப் பிடிமானம் தரும் ஒவ்வொரு சொரசொரப்பையும் துடைக்கும் ஒருவருடைய தோள்பட்டை சுமக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் பாதி நாள் அது என் தோள், மீதி நாள் அந்த அக்காவின் தோள். தரையைத் தேர்ந்தெடுக்க வீட்டிலிருந்து நாலு பேர் கடைக்குப் போகிறோம். தரையில் குனிந்து துடைப்பவரை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. வெறுங்காலில் நடக்கும் நாயும் குனிந்து துடைக்கும் கையும் ஒப்புக்கொள்ளும் இடம் நடுவில் ஒன்றுதான் இருந்தது. ஆர் 10, வெறுங்கால் அளவில் பி, ஓரடிக்கு ஓரடி, மேட். அதையே எடுத்தோம்.

அத்தையைப் பற்றியும் ஒன்று. புதுத் தரையில் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தபோது, கால் கட்டைவிரலை மடக்கி ஊன்றாமல் நடந்ததைக் கவனித்தேன். முன்பு மடக்கி ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிக்கும்போது மேஸ்திரியோடு பேசியவை

சிறிய டைல்ஸ் எடுத்ததற்கு இரண்டு காரணம். ஜாயிண்ட் அதிகம் என்பதால் காலுக்குக் கூடுதல் பிடி. அடுப்படிக்குத் தேவையான வாட்டத்தையும் சிறு டைல்ஸில்தான் நன்றாகக் கொண்டுவர முடியும். லாப்ரடார் தண்ணீர் குடித்தால் பாதி கிண்ணத்துக்கு வெளியே போகும். அந்தத் தண்ணீர் தேங்காமல் பொடக்காலி என்கிற புழக்கடைப் பக்கத்துக் குழிக்குத் தானே ஓடும்படி வாட்டம் விடச் சொன்னோம். மேஸ்திரிக்கு ஜாயிண்டே பிடிக்கவில்லை. இடைவெளியே தெரியாத பேப்பர் ஜாயிண்ட் போட்டு வெள்ளை சிமெண்ட் தேய்த்துவிட்டால் பார்க்க ஒரே தரையாக இருக்கும் என்றார். நாய் இருக்கும் வீட்டில் அங்கேதான் தவறு நேர்கிறது. வயதான நாய் தூக்கத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் விடும். அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும்போதுதான் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் கிளம்புகிறது. வெட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. சிமெண்ட் ஜாயிண்டோ குடித்து வைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு துடைத்தாலும் ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் பழைய நாற்றம் திரும்ப வரும், நாயும் அதே இடத்தை மோந்துவிட்டு அங்கேயே மறுபடி போகும். அதனால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தண்ணீர் குடிக்காத எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடைத்தோம். விலை பல மடங்கு. அதைவிடப் பெரிய சங்கடம், கலந்த கலவை இறுகுவதற்குள் அடைத்து, டைல்ஸ் மேல் படிந்ததை அப்போதைக்கப்போதே பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும் என்பது. மேட் டைல்ஸில் அது காய்ந்துவிட்டால் வெண்படலமாக நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு ஆள் அடைக்க இன்னொரு ஆள் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வரும்படி செய்யச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றி வீட்டில் நடந்த வாதத்தை முழுவதும் எழுதப்போவதில்லை. கறுப்பில் ஜூலியின் மயிரும் சப்பைத் தண்ணீர் என்கிற உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடமும் தெரியும். வெள்ளையில் கருப்பனின் மயிரும் வயல் சேறும் தெரியும். நடுத்தரச் சாம்பல் நிறத்தில் எதுவும் சட்டென்று தெரியாது. அதுவே அதன் குறையும்கூட, ஏனென்றால் அழுக்கு இருந்தாலும் தெரியாது. துடைத்து முடித்தோம் என்பதற்கு இப்போது கண்ணில் சாட்சி கிடையாது. உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

துடைக்கும் முறையும் மாறியது. நூல் துடைப்பானை விட்டு மைக்ரோஃபைபர் துணிக்கு வந்தோம். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவி வாட்டத்தில் தள்ளிவிடுகிறோம். ஃபினாயிலை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டோம். நாய் அந்தத் தரையில் நடந்து, பிறகு தன் பாதத்தையே நக்கும்; ஃபினால் கலந்த திரவங்கள் அதன் வயிற்றுக்குப் போவது நல்லதல்ல. அம்மோனியா கலந்தவையும் வேண்டாம், அந்த வாடை நாய்க்குச் சிறுநீர் வாடையாகவே படும். மிதமான சோப்புத் தண்ணீர், அதன்பின் கட்டாயம் வெறும் தண்ணீரில் ஓர் அலசல். சோப்பு காய்ந்து படிந்தால் எந்த மேட் டைல்ஸும் வழுக்கத்தான் செய்யும்.

ஹாலில் பழைய பளபளப்பு அப்படியே இருக்கிறது. அதையும் மாற்றக் கையில் காசில்லை, அங்கே எண்ணெயும் தண்ணீரும் சிந்துவதில்லை என்பதால் அவசரமும் இல்லை. அடுப்படிக்கு மட்டும் மாற்ற நினைப்பவர்கள் பழைய டைல்ஸ் மேலேயே பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். ஒட்டலாம், தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வராத டைல்ஸாக இருக்க வேண்டும், தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். அந்த உயரம் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சிறு தடுக்கலாக நிற்கும் என்பதால், வயதான நாயோ வயதான மனிதரோ இருக்கும் வீட்டில் பேர்த்துவிட்டுப் போடுவதே நல்லது என்பது என் எண்ணம். எப்படிப் போட்டாலும் ஒரே பேட்ச் எண் உள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு பெட்டி கூடுதலாகவும் வாங்கி அட்டாலியில் போட்டு வையுங்கள். குழவி விழுந்து ஒன்று உடைந்தால், அடுத்த வருடம் அதே சாம்பல் கடையில் இருக்காது.